எடை ஏறினால் ஊசியைக் குறை சொல்ல வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பரம்பரை இரும்பு மிகை நோய்க்காக, உடலிலிருந்து ரத்தத்தை வெளியே எடுக்கும் சிகிச்சையில் இருக்கும் வாசகர் ஒருவர், சிகிச்சை தொடங்கியதிலிருந்து எடை கூடிக்கொண்டே போவதாகவும், நிறுத்திவிடலாமா என்றும் உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் கேட்டிருந்தார். "உடம்பு தேறி வருகிறது, கவலை வேண்டாம், நிறுத்தாதீர்கள்" என்று இரண்டு வரியில் பதில் முடிந்துவிட்டது. நிறுத்தக் கூடாது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. உறுத்துவது அந்தக் "கவலை வேண்டாம்"தான். கூடியது கொழுப்பா, நீரா, எத்தனை நாளில் கூடியது என்று கேட்காமல் இந்தப் பதிலைச் சொல்லவே முடியாது.

ரத்தம் எடுப்பதால் மட்டும் யாரும் பருப்பதில்லை, இளைப்பதும் இல்லை. சிகிச்சைக் காலத்தில் எடை மாறினால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது சாதாரணமானது. சில சமயம் இரும்பு ஏற்கெனவே கெடுத்து வைத்த உறுப்பு ஒன்று இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று பொருள்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குடலிலிருந்து எவ்வளவு இரும்பு ரத்தத்துக்குள் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். 1996-இல் கண்டறியப்பட்ட எச்.எஃப்.இ. மரபணுவில், தாய் வழி வந்த பிரதியிலும் தந்தை வழி வந்த பிரதியிலும் பிழை இருந்தால் ஹெப்சிடின் குறைவாகச் சுரக்கும். சாதாரணமாக நாளொன்றுக்கு 1 அல்லது 2 மி.கி. மட்டுமே உறிஞ்சும் குடல், அதைவிடக் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சேர்ந்த இரும்பை வெளியேற்ற மனித உடலில் வழி கிடையாது. ஆண்டுக்கணக்கில் அது கல்லீரல், கணையம், இதயம், மூட்டுகள், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றில் படிகிறது. மாதவிடாயில் இரும்பு இழப்பு இருப்பதால் பெண்களிடம் நோய் பொதுவாகப் பிந்தியே வெளிப்படும். வேறு மரபணுக்களால் 30 வயதுக்கு முன்பே இதயத்தையும் ஹார்மோன்களையும் தாக்கும் கடுமையான வகையும் உண்டு, அது அரிது.

முதன்மைச் சிகிச்சை 1950-களிலிருந்து ஒன்றேதான். ரத்தத்தை எடுத்துவிட்டால், புதிய சிவப்பணுக்களைச் செய்ய எலும்பு மஜ்ஜை, படிந்து கிடக்கும் இரும்பை இழுத்துப் பயன்படுத்தும். கணக்கும் எளிது. 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 15 கிராம் உள்ளவரிடம் 500 மி.லி. எடுத்தால் 75 கிராம் ஹீமோகுளோபின் போகிறது. ஒரு கிராமில் 3.4 மி.கி. இரும்பு. ஆக, ஒரு முறைக்கு ஏறக்குறைய 250 மி.கி. மிகை இரும்பு 5 கிராம் என்றால் 20 முறை, வாரம் ஒன்று வீதம் ஐந்து மாதம். 20 கிராம் சேர்ந்துவிட்டவருக்கு 80 முறை, ஒன்றரை ஆண்டுக்கு மேல். இவ்வளவு நீண்ட காலத்தில் ஒருவருடைய எடை எதனால் வேண்டுமானாலும் மாறலாம். ஆனால் வாரந்தோறும் குத்தும் ஊசி கண்ணில் படுகிறது, மற்றக் காரணங்கள் படுவதில்லை. பழி ஊசி மேல் விழுந்துவிடுகிறது.

எடைக் கருவி காட்டும் எண்ணில் ரத்தப் பையின் பங்கு எவ்வளவு? 500 மி.லி. ரத்தம் சுமார் 530 கிராம். நன்றாகத் தண்ணீர் குடிப்பவருக்கு ஓரிரு நாளில் நீரளவு சரியாகி, அந்த அரை கிலோ திரும்பி வந்துவிடும். சிவப்பணுக்கள் ஈடாகத்தான் வாரக்கணக்கில் ஆகும். எனவே ரத்தம் எடுத்த அன்றோ மறுநாளோ எடை பார்த்து மகிழவோ பதறவோ ஒன்றுமில்லை. ரத்தம் கொடுத்தால் கொழுப்பு கரையும் என்று சொல்லித் திரிபவர்களும் இருக்கிறார்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது, ஒரு பை ரத்தத்தை ஈடுகட்ட உடல் செலவிடுவது அதன் பக்கத்தில்கூட வராது. ரத்தத்தோடு உண்மையில் போவது புரதம்: ஹீமோகுளோபினும் பிளாஸ்மா புரதமும் சேர்ந்து 90 கிராமுக்கு மேல். வாரம் ஒரு முறை எடுப்பவருக்கு இது நாளொன்றுக்கு 13 கிராம் கூடுதல் புரதத் தேவை. ஃபோலிக் அமிலமும் பி12-உம் போதுமான அளவு வேண்டும். "ரத்தம் எடுக்கிறார்கள், நன்றாகச் சாப்பிடு" என்ற அன்பான அறிவுரை, புரதத்தில் போய்ச் சேராமல் மாவிலும் சர்க்கரையிலும் போய்ச் சேரும்போதுதான் மெல்ல மெல்ல எடை ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் கையில் கொடுக்கப்படும் இனிப்புச் சாறும் இதில் சேர்த்தி.

இனி, வேகம். இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. அது நீர், ஒரு லிட்டர் நீர், ஒரு கிலோ. இதயத் தசையில் இரும்பு படிந்து இதயம் பலவீனப்பட்டிருந்தால் கணுக்காலும் பாதமும் வீங்கும், தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டும், இரவில் தலையணையை உயர்த்திக்கொள்ளத் தோன்றும். கல்லீரல் சுருங்கியிருந்தால் நீர் வயிற்றில் தேங்கும். இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள்; குழி அப்படியே நின்றால் நீர்க்கோர்வை. வயிற்றுக்கு, காலையில் சிறுநீர் கழித்தபின், நின்றபடி, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் நாடாவால் சுற்றளவு எடுங்கள். கைகளும் முகமும் மெலிய, வயிற்றுச் சுற்றளவு மட்டும் வாரத்துக்கு வாரம் கூடுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: கல்லீரல் சுருக்கம் உள்ளவரின் தசை கரையும்போது வயிற்று நீர் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். எடைக் கருவி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, ஆள் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருப்பார். நீர் பிரிய மாத்திரை தொடங்கிய பிறகு எடை மளமளவென்று இறங்கினாலும் நல்லதல்ல. கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரை கிலோ, வீக்கம் உள்ளவருக்கு ஒரு கிலோ. அதற்கு மேல் இறங்கினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

மாதம் அரை கிலோ, ஒரு கிலோ என்று நிதானமாக ஏறும் எடைக்குக் காரணங்கள் வேறு. பசி திரும்புவது ஒன்று. மூட்டு வலியால் நடை குறைந்தது இன்னொன்று. கணையம் கெட்டு இன்சுலின் போடத் தொடங்கியவருக்கு, அதுவரை சிறுநீரில் போய்க்கொண்டிருந்த சர்க்கரை உடலிலேயே தங்குவதால் எடை ஏறும். இழந்த எடை மீள்வது வரை இது நல்ல அறிகுறிதான், அதைத் தாண்டினால் உணவையும் அளவையும் திருத்த வேண்டும்.

நான்காவது காரணம் அதிகம் தவறவிடப்படுவது. பிட்யூட்டரியில் இரும்பு படிந்தால் பாலின ஹார்மோன்களைத் தூண்டும் சுரப்பு குறைகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கித் தசை குறையும், வயிற்றுக் கொழுப்பு கூடும், தாம்பத்திய நாட்டம் போகும், முகச் சவரம் செய்யும் இடைவெளி நீளும். பெண்களுக்கு மாதவிடாய் முன்கூட்டியே நிற்கலாம். எடை அதிகம் மாறாமலேகூட உடலமைப்பு மாறிவிடும். இதைச் சொல்ல நோயாளி கூச்சப்படுகிறார், மருத்துவரும் கேட்பதில்லை. டெஸ்டோஸ்டிரோனை காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், குறைவாக இருந்தால் வேறொரு நாள் இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும். மாலையில் எடுத்த ஓர் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. தைராய்டுக்கும் இதே எச்சரிக்கை. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல் எல்லாம் இருந்தும், தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். ஹார்மோன் சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோளாறு பிட்யூட்டரியில் என்றால் டி.எஸ்.எச். பொய் சொல்லும், தைராய்டே சுரக்கும் ஹார்மோனை அளக்கும் ஃப்ரீ டி4 சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, சிகிச்சையே கொண்டுவரும் கோளாறு: அளவுக்கு மீறி ரத்தம் எடுப்பது. உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ரத்த அளவான ஃபெரிட்டினை 50 வரை இறக்கி, பிறகு 50-க்கும் 100-க்கும் இடையில் வைத்திருப்பதே வழக்கமான இலக்கு. அதையும் தாண்டி, டிரான்ஸ்ஃபெரின் செறிவும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) சாதாரண நிலைக்கு வரட்டும் என்று எடுத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இந்த நோயில் ஃபெரிட்டின் இறங்கிய பிறகும் அந்தச் செறிவு உயர்ந்தே நிற்பது சகஜம். அதைத் துரத்தினால் நோயாளி இரும்புப் பற்றாக்குறைக்குப் போய்விடுவார். பற்றாக்குறை வந்தால் ஹெப்சிடின் இன்னும் குறையும், குடல் இன்னும் வேகமாக இரும்பை இழுக்கும். வைத்தியமே நோய்க்குத் தீனி போட்டதாகிவிடும்.

இரும்பு மிகை நோயாளிக்கு இரும்புக் குறைவா என்று சிரிக்க வேண்டாம். படியேறினால் மூச்சு வாங்குவது, படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, முடி கொட்டுவது, நகம் குழிவது, நாக்கு எரிவது, ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை எல்லாம் அதன் அடையாளங்கள். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இவை வரலாம். அசதியால் உட்கார்ந்தே இருப்பார், எடை ஏறும். "இன்னும் இரும்பு போகவில்லை போலிருக்கிறது" என்று மீண்டும் ரத்தம் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12-க்குக் கீழே போனால் இடைவெளியை நீட்ட வேண்டும், 11-க்குக் கீழே நிறுத்திவைக்க வேண்டும். ஃபெரிட்டினை முதலில் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். 200-க்குக் கீழே வந்ததும் ஒன்றிரண்டு முறைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். ரத்த அறிக்கையில் எம்.சி.வி. என்ற வரி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்), நோயாளியின் தொடக்க அளவிலிருந்து தொடர்ந்து இறங்கி வந்தால் அதுவும் முன்னெச்சரிக்கை. ஃபெரிட்டின் மட்டும் திடீரென்று ஏறினால் இரும்பு கூடிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். காய்ச்சல், அழற்சி, கொழுப்புக் கல்லீரல், மது எதுவும் அதை உயர்த்தும்.

எடுக்கும் அளவும் எடையைப் பொறுத்ததே. ஒரு கிலோவுக்கு 7 மி.லி., எவ்வளவு கனத்தவரானாலும் 550 மி.லி.க்கு மேல் இல்லை என்பது ஒரு நடைமுறை. 45 கிலோ உள்ளவருக்கு இது 315 மி.லி. மட்டுமே. அவரிடமும் முழுப் பை நிரப்பினால் மயங்கி விழாமல் என்ன செய்வார்? சிகிச்சைக் காலத்தில் எடை குறைந்தவருக்கு இந்தக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். முதல் நாள் எழுதிய அளவே கடைசி வரை போவதைப் பல இடங்களில் காண்கிறோம். இதய நோய் உள்ளவர், முதியவர், ஏற்கெனவே மயங்கியவர் ஆகியோருக்கு 250 மி.லி. எடுத்து, தேவையானால் உப்பு நீரை நரம்பு வழியே ஏற்றலாம். வருவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது, இன்சுலினோ சுகர் மாத்திரையோ போட்டவர் கண்டிப்பாகக் கூடாது. முடிந்ததும் சடாரென்று எழாமல் முதலில் உட்கார்ந்து பிறகு நிற்கவும். அன்று முழுதும் அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம்.

எடை குறைவது பற்றிக் கேள்வி கேட்டவர் எழுதவில்லை. எங்களைப் பொறுத்தவரை அதுதான் அதிகக் கவனம் தேவைப்படுவது. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குகிறது, தாகம், இரவில் பலமுறை சிறுநீர் என்றால் சர்க்கரை நோய். ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும். நாளைக்கு 100 கிராம் போனாலே 400 கலோரி போய்விட்டது. இங்கேதான் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மூன்று மாதச் சராசரி என்று எல்லோரும் நம்பும் எச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. அடிக்கடி ரத்தம் எடுப்பவரின் உடலில் சிவப்பணுக்களில் பல இளசுகள், சர்க்கரை ஒட்டுவதற்கு அவற்றுக்குப் போதிய நேரம் கிடைத்திருக்காது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பதுபோல் முடிவு 6 சதவீதம் என்று வரலாம். உண்மை நிலை மோசமாக இருக்கும். வாராவாரம் ரத்தம் எடுக்கும் காலத்தில் எச்பிஏ1சி-யை நம்பி மாத்திரையைக் குறைக்கக் கூடாது. வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த அளவுகளையோ, ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையோ கொண்டு முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை நோய்ப் பிரிவில் இருப்பவருக்கு ரத்தம் எடுக்கும் விஷயம் தெரியாது, ரத்தம் எடுப்பவர் சுகர் அறிக்கையைப் பார்ப்பதில்லை. நோயாளிதான் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்லீரல் சுருக்கம் ஏற்பட்டுவிட்டவரிடம் காரணமில்லாமல் எடை இறங்கினால் கல்லீரல் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். இரும்பு முழுக்க நீங்கி ஃபெரிட்டின் 50-இல் நின்றாலும் இந்த ஆபத்து போவதில்லை. எனவே எடை மாறினாலும் மாறாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும். சிகிச்சை தொடங்கும்போது ஃபெரிட்டின் 1,000-க்கு மேல் இருந்தவர்கள், கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற பரிசோதனையால் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியம்.

சிகிச்சையால் எது சரியாகும், எது ஆகாது என்று முன்கூட்டியே சொல்லாததால் வரும் ஏமாற்றமும் கொஞ்சமல்ல. அசதி, தோலின் கருமை, உயர்ந்த கல்லீரல் நொதிகள் பெரும்பாலும் குறையும். சுருக்கம் வருவதற்கு முந்தைய கல்லீரல் தழும்பும், இதயத்தின் இயக்கமும் சீராகலாம். மூட்டு வலி அப்படியல்ல. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் கணுக்களில் தொடங்கும் அந்த வலி, ஃபெரிட்டின் இறங்கியபிறகும் நீடிக்கும், சிலருக்குச் சிகிச்சையின் நடுவில்தான் தலைகாட்டவே செய்யும். முழங்காலோ மணிக்கட்டோ ஒரே இரவில் சிவந்து வீங்கினால் கால்சியம் படிகங்களால் வரும் அழற்சியாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. வலி தீரவில்லை என்பதற்காக ரத்தம் எடுப்பதைக் கூட்டுவதில் பயனில்லை. இன்சுலின் தேவைப்படும் நிலைக்குப் போன சர்க்கரை நோயும், இழந்த ஹார்மோன் சுரப்பும் பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை, ஆனால் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு உள்ள எல்லாவற்றையும் தட்டிலிருந்து விலக்கிப் பட்டினி கிடப்பதால் கிடைக்கும் லாபம், ஒரு பை ரத்தத்தின் முன் ஒன்றுமே இல்லை. எடையும் தசையும்தான் போகும். இரும்பு மாத்திரை, இரும்பு சேர்த்த சத்து மாவு, வைட்டமின் சி மாத்திரை மூன்றும் வேண்டாம். பழம் சாப்பிடலாம். கல்லீரல் பாதித்தவருக்கு மது அறவே கூடாது. வேகாத சிப்பி வகைகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் இருக்கும் விப்ரியோ கிருமி இரும்பு மிகுந்த உடலில் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பெருகும்.

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்வதால் இரும்பு சேரும் தலசீமியா நோயாளிகள் இதையெல்லாம் தங்களுக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு இரும்பை வெளியேற்றும் மருந்துகளே சிகிச்சை. அவற்றில் டெஃபெரிப்ரோன் மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் பசி கூடுவதும் எடை கூடுவதும் உண்மையிலேயே இருக்கின்றன. டெஃபெராசிராக்ஸ் பலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ஒரு நோட்டில் வாரம் ஒரு நாள், ரத்தம் எடுப்பதற்கு முந்தைய காலை, வயிற்றுச் சுற்றளவையும் எடையையும் எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த வாரத்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், எவ்வளவு மி.லி. எடுத்தார்கள், புதிதாகத் தொடங்கிய மருந்து எது என்பதையும் குறியுங்கள். மூன்று மாத நோட்டைப் பார்த்தால் கூடியது நீரா, கொழுப்பா, எந்த மருந்துக்குப் பிறகு கூடியது என்று மருத்துவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். உங்கள் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் இதே நோய்க் கூறு இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்களுக்கு ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும், உங்கள் மரபணுப் பிழை தெரிந்திருந்தால் அதே பிழைக்கான பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குருதி எடுப்புப் பிரிவில் பணியாற்றும் செவிலியர்கள்